மன்னரின் ஆசைநாயகி: பிரெஞ்சு அரசவையில் எழுதப்படாத ஒரு பதவி

1745 செப்டம்பர் 14, மாலை நேரம். வெர்சாய் அரண்மனையில் ராணி மரி லெஸ்ஸின்ஸ்காவின் அறையில் நிற்க இடமில்லை. ஒரு பெண்ணை ராணிக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்கப் போகிறார்கள். வரப்போகிறவள் தன் கணவர் பதினைந்தாம் லூயியின் புதுக் காதலி என்பது ராணிக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்து நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பெண்ணுக்கு வயது 23. கல்யாணமானவள், ஒரு வயதுக் குழந்தைக்குத் தாய்.

அறிமுகச் சடங்கு லேசுப்பட்டதல்ல. திமிங்கில எலும்பு வைத்து இறுக்கிய மேலாடை, இரண்டு பக்கமும் அகன்று நிற்கிற பாவாடை, பின்னால் தரையில் புரளும் நீண்ட துணி. இவற்றோடு மூன்று முறை முழங்கால் மடித்து வணங்க வேண்டும். ராணி இரண்டு வார்த்தை பேசுவார். அப்புறம் ராணிக்கு முதுகு காட்டாமல், அந்த நீளத் துணியைக் காலால் தள்ளித் தள்ளி விலக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியேற வேண்டும். கால் தடுக்கினால் தீர்ந்தது, பாரீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ராணி அவளுடைய உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார் என்றுதான் கூட்டம் எதிர்பார்த்தது. பிடிக்காதவர்களை நாகரிகமாக வெட்டிவிட அங்கே அதுதான் வழி. ஆனால் ராணி, இருவருக்கும் தெரிந்த மதாம் தெ சேசாக் என்ற பெண்மணி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். வந்தவள் திக்குமுக்காடிப்போனாள். ராணிக்குப் பிரியமாக நடந்துகொள்வதே தன் விருப்பம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். வம்பு பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அந்தப் பெண்தான் ஐரோப்பா முழுக்கப் பேர்போன மதாம் தெ பொம்பதூர்.

கட்டின மனைவியிடமே கொண்டுபோய் நிறுத்துவார்களா என்று நமக்குத் தோன்றும். அந்த அரசவையின் ஒழுங்கு அப்படி. ஓரளவு நல்ல உடுப்பு இருந்தால் வெர்சாய்த் தோட்டத்தில் யாரும் உலாவலாம். மன்னர் குடும்பம் விருந்துண்பதைக்கூடத் தள்ளி நின்று பார்க்கலாம். ஆனால் மன்னரோடு உட்கார்ந்து சாப்பிடவும், அவருடைய வண்டியில் ஏறவும், அரண்மனைக்குள் பகிரங்கமாக நடமாடவும் அறிமுகச் சடங்கு முடிந்திருக்க வேண்டும். அது முடியாதவரை ஒரு பெண் மன்னரின் ரகசியம். முடிந்த மறுநாளிலிருந்து அவள் அரசவையில் ஓர் ஆள்.

பிரெஞ்சில் இதற்கு 'மேத்ரெஸ் ஆன் தித்ர்' என்று பெயர். பட்டத்து ஆசைநாயகி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் என்றாலும் நியமன உத்தரவு கிடையாது, சம்பள விகிதம் கிடையாது, பணிக்காலம் கிடையாது. ஒரு மனிதரின் விருப்பம் மட்டுமே ஆதாரம். அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் மந்திரிகளை மாற்றவும் முடிந்தது, ஒரே ராத்திரியில் மூட்டை கட்டவும் நேர்ந்தது.

அந்தப்புரம் அல்ல

ராஜா ராணிக் கதை படித்து வளர்ந்த நமக்கு அந்தப்புரம் நினைவுக்கு வரும். பிரான்ஸில் அது கிடையாது. கத்தோலிக்க மன்னருக்கு மனைவி ஒருத்திதான். விவாகரத்தும் இல்லை. திருமணம் என்பது இரண்டு நாடுகளுக்கு நடுவே எழுதப்படும் ஒப்பந்தம். பதினைந்தாம் லூயிக்குக் கல்யாணம் ஆனபோது வயது 15, மணமகளுக்கு 22. அரியணை இழந்த போலந்து மன்னரின் மகள், அதற்கு முன் லூயி பார்த்தே இராதவர். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் விலகியே வாழ்ந்தார்கள்.

ஆக, மன்னர் தன் மனசுக்குப் பிடித்துத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரே பெண் ஆசைநாயகிதான். அவள் பெறும் பிள்ளைக்கு அரியணை கிடையாது. ஆனால் மன்னர் விரும்பினால் சட்டப்படி தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு பட்டமும் சொத்தும் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டை ஊரறிய முதலில் நடத்தியவர் ஏழாம் சார்ல் என்று சொல்வது வழக்கம். 1440-களில் அவருடைய ஆசைநாயகி அன்யேஸ் சோரேல். மன்னர் அவருக்கு மார்ன் ஆற்றங்கரையில் 'பொத்தே' என்ற கோட்டையைக் கொடுத்தார். பெயருக்கு அழகு என்று பொருள். அதனால் 'அழகுச் சீமாட்டி' என்றே அவரை அழைத்தார்கள். 1450-இல் இளவயதிலேயே இறந்துபோனார். 2005-இல் அவருடைய எலும்புகளைச் சோதித்தபோது ஏராளமாகப் பாதரசம் இருந்தது தெரிந்தது. யாராவது விஷம் வைத்தார்களா, குடற்புழுவுக்குக் கொடுத்த மருந்து அளவு மிஞ்சிப்போனதா என்பது இன்னும் விவாதமாகவே நிற்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றியின் தியான் தெ புவாத்தியே. மன்னரைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர். ஷெனோன்சோ கோட்டை அவருக்குப் பரிசாக வந்தது. 1559-இல் குதிரைப் போட்டியில் ஈட்டி பாய்ந்து மன்னர் சாகக் கிடந்தபோது, ராணி கத்தரீன் தெ மெதிசி தியானைக் கிட்டவே விடவில்லை. மன்னர் கண்ணை மூடியதும் நகைகளைத் திரும்பக் கேட்டு ஆள் போயிற்று. ஷெனோன்சோவைப் பிடுங்கிக்கொண்டு வேறொரு கோட்டையைக் கொடுத்தார் ராணி. பதவிக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றால் இதுதான் அர்த்தம்.

கணவன், பிள்ளைகள், சட்டம்

பதினான்காம் லூயி காலத்தில்தான் இந்தப் பதவி முழு ஆடம்பரத்துடன் விளங்கியது. அவருடைய ஆசைநாயகிகளில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர் மதாம் தெ மொந்தெஸ்பான். பழம்பெரும் குடும்பம், கூரான நாக்கு, சூதாட்டப் பிரியம், மன்னருக்கு ஏழு பிள்ளைகள். சிக்கல் என்னவென்றால் அவருக்குக் கணவர் உயிரோடு இருந்தார், அதுவும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை.

பொதுவாகக் கணவர்கள் இதில் அனுசரித்துப் போவார்கள். பதவியோ பணமோ கிடைக்கும்; பெரிதாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். மொந்தெஸ்பான் பிரபு மட்டும் ஊர் கூட்டிச் சண்டை போட்டார். தன் வண்டியின் உச்சியில் மான் கொம்பு கட்டிக்கொண்டு வந்தார் என்பார்கள் (மனைவி பிறனிடம் போனவனுக்குத் தலையில் கொம்பு முளைக்கும் என்பது அங்கத்திய கேலி). மனைவி இறந்துவிட்டதாகச் சொல்லித் துக்கம் கொண்டாடினார் என்றும் கதை உண்டு. மன்னர் அவரைக் கொஞ்ச நாள் சிறையில் வைத்துவிட்டு ஊரைப் பார்த்து அனுப்பினார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். மணமான பெண் பெறுகிற பிள்ளை சட்டத்தின் கண்ணில் கணவனின் பிள்ளை. அதாவது மொந்தெஸ்பான் பிரபு நினைத்தால் மன்னரின் பிள்ளைகளுக்கு உரிமை கொண்டாடலாம்! அதனால் ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பாரீஸில் மறைத்து வளர்த்தார்கள். 1673-இல் மன்னர் அவர்களைத் தன் பிள்ளைகள் என்று சட்டப்படி அறிவித்தபோது அந்த ஆவணத்தில் தாயின் பெயரே இல்லை. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தாயில்லாத பிள்ளைகளைப் பதிவு செய்துகொண்டது. கடைசிக் காலத்தில், 1714-இல், அந்த மகன்களுக்கு அரியணை வரிசையிலும் இடம் கொடுத்தார் லூயி. அவர் போனபின் இரண்டு வருஷத்துக்குள்ளேயே அதை ரத்து செய்துவிட்டார்கள்.

பிள்ளைகளை ரகசியமாக வளர்க்க மொந்தெஸ்பான் ஏற்பாடு செய்த பெண் ஒரு ஏழை விதவை. அந்த விதவைதான் பிற்பாடு மதாம் தெ மேந்தெனோன். பிள்ளைகளைப் பார்க்க வந்த மன்னர் அவரோடு பேசப் பழகினார். மொந்தெஸ்பானின் கோபதாபங்களுக்கு நடுவே இந்த நிதானம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1683-இல் ராணி இறந்ததும், மன்னர் மேந்தெனோனை ரகசியமாகக் கல்யாணமே செய்துகொண்டார். தன் இடத்துக்கு ஆளைத் தானே வீட்டுக்குள் அழைத்துவந்தவர் என்றால் மொந்தெஸ்பான்தான்.

மாடிப்படியின் மேல் ஒரு வாழ்க்கை

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்க்க பொம்பதூர்தான் சரியான ஆள். கடிதங்கள், கணக்குகள், அவருடைய பணிப்பெண் மதாம் து ஓசே பெயரில் வெளிவந்த நினைவுக் குறிப்புகள் என்று நிறையவே கிடைக்கின்றன.

அவருடைய சொந்தப் பெயர் ழான் அந்துவனெத் புவாசோன். பணம் கொடுக்கல் வாங்கல், அரசு ஒப்பந்தம் என்று புழங்கிய பாரீஸ் குடும்பம். ஒன்பது வயதில் குறிகாரி ஒருத்தி, இவள் ஒருநாள் மன்னரின் மனதை ஆள்வாள் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து வீட்டில் செல்லப்பெயர் 'ரெனெத்', குட்டி ராணி. பிற்காலத்தில் அந்தக் குறிகாரிக்கு வருஷம் 600 லிவ்ரு (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) உதவித்தொகை போனது அவருடைய கணக்கில் இருக்கிறது. அதுவரை ஆசைநாயகிகள் பிரபுக் குலத்திலிருந்துதான் வந்தார்கள். பொம்பதூருக்கு முன்னால் ஒரே குடும்பத்து அக்கா தங்கைகள் ஒருவர் பின் ஒருவராக மன்னரிடம் இருந்தபோதுகூட அரசவை இவ்வளவு முகம் சுளிக்கவில்லை. அவர்கள் நெல் என்ற பிரபுவின் மகள்கள். வர்த்தகக் குடும்பத்துப் பெண் மன்னரின் மாடிக்கு வந்ததுதான் பெரிய அவமானமாகத் தெரிந்தது. பாவமில்லை, குலம்தான் பிரச்சினை.

1745 பிப்ரவரியில் இளவரசரின் கல்யாணத்தை ஒட்டி நடந்த முகமூடி நடனத்தில் மன்னர், வெட்டி அலங்கரித்த மரம் மாதிரி வேஷம் போட்டு வந்தார். அன்று இருவரும் பேசிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கோடையில் மன்னர் போர்முனைக்குப் போய்விட, இவர் ஒரு கிராமத்து மாளிகையில் பாடம் படித்தார். வாத்தியார்கள் இருவர், அப்பே தெ பெர்னி, கோந்தோ பிரபு. யார் யாருக்குச் சொந்தம், யாருக்கு எத்தனை அடி முன்னால் போக வேண்டும், எந்தச் சொல் வெர்சாயில் கேலிக்கு உள்ளாகும், எப்படி நடக்க வேண்டும். கணவரிடமிருந்து சட்டப்படி பிரிவு வாங்கினார்கள். வாரிசற்றுப்போன பொம்பதூர் என்ற பிரபுப் பட்டத்தை மன்னர் வாங்கிக் கொடுத்தார். அறிமுகம் செய்துவைக்கக் கௌரவமான ஒரு சீமாட்டி வேண்டுமே? மன்னரின் உறவுக்காரரான மூத்த கோந்தி இளவரசி முன்வந்தார். அவருக்குத் தலைக்கு மேல் கடன் இருந்தது, மன்னர் அடைத்தார்.

வெர்சாயில் அவருக்குக் கிடைத்தது மன்னரின் அறைகளுக்கு மேலே, கூரையை ஒட்டிய மாடியில் ஒரு சின்ன வீடு. மன்னரின் அறையிலிருந்து யார் கண்ணிலும் படாமல் ஏறி வர உள்படிக்கட்டு உண்டு. காலையில் அவர் தலைவாரி, முகத்துக்கு ரூஜ் பூசிக்கொள்ளும் நேரமே ஒரு தர்பார். மந்திரிகள், தளபதிகள், வேலை கேட்டு வந்தவர்கள், படம் விற்க வந்தவர்கள் என்று அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். மன்னர் வேட்டைக்குப் போகாத நாளில் மத்தியானம் வருவார், வேட்டை முடிந்தும் வருவார். ராத்திரி அவருடைய தனி அறைகளில் சின்ன விருந்து. அங்கே சம்பிரதாயம் இல்லை; மன்னர் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுப்பார். அந்த விருந்துக்கு யாருக்கு அழைப்பு என்பது அன்றன்று தெரியும். அழைப்பு கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்களின் கோபம் யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவே மன்னர் ஒரு மாளிகையிலிருந்து இன்னொரு மாளிகைக்குப் போய்க்கொண்டே இருப்பார். கூடவே போக வேண்டும். ராணி, இளவரசர், இளவரசிகள் எல்லோரையும் முறைப்படி போய்ப் பார்க்க வேண்டும். மூச்சு விட நேரமில்லை என்று ஒரு தோழிக்கு எழுதினார் பொம்பதூர். இருமலும் காய்ச்சலும் வந்தாலும் ரூஜைப் பூசிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார வேண்டும், ஏனென்றால் மன்னருக்கு நோயாளியைப் பார்க்கச் சலிப்பு.

என்னைக் கேட்டால் இந்த வேலையில் ஆகக் கஷ்டமான பகுதி இந்தச் சலிப்புதான். பதினைந்தாம் லூயி கூச்சமும் மனச்சோர்வும் கொண்ட மனிதர். சுடுகாடு, சாவு, நோய் என்று பேச ஆரம்பித்துவிடுவார். அவரை உற்சாகமாக வைத்திருப்பது தினசரிப் பணி. 1747-இல் பொம்பதூர் அரண்மனைக்குள்ளேயே ஒரு சின்ன நாடகக் கொட்டகை அமைத்தார். நடிகர்கள் எல்லாம் பிரபுக்கள், நாயகி அவரே. நன்றாகப் பாடுவார், நடிப்பார். வேஷம் கிடைக்கப் பிரபுக்கள் போட்டி போட்டார்கள்.

பணிப்பெண்ணின் குறிப்பில் ஒரு காலை வருகிறது. சில நாட்களாக எஜமானி மூன்று பங்கு வெனிலாவும் அம்பரும் போட்ட சாக்லேட்தான் குடிக்கிறார். சாப்பாடு டிரஃபிள் காளானும் செலரி சூப்பும். உடம்புக்கு ஆகாதே என்று பணிப்பெண் சொல்ல, எஜமானி காது கொடுக்கவில்லை. தோழி பிரான்காஸ் சீமாட்டி வந்து கேட்டபோது அழுகையோடு உண்மை வருகிறது: தனக்கு இயல்பாகவே உடல் இச்சை குறைவு, அது மன்னருக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம், உடம்பில் சூடேற்றத்தான் இந்தப் பத்தியம். தோழி அவர் குடித்துவந்த மருந்தைத் தூக்கி அடுப்பில் போட்டார். பழக்கத்தால் மன்னரைக் கட்டிவையுங்கள் என்று புத்தி சொன்னார்.

மிர்புவா சீமாட்டி என்ற இன்னொரு தோழி அதையே பச்சையாகச் சொன்னாராம்: 'மன்னருக்குப் பிடித்தது உங்கள் மாடிப்படி. அதில் ஏறி இறங்கி அவருக்குப் பழகிப்போய்விட்டது.' வேட்டையைப் பற்றியும் அலுவல்களைப் பற்றியும் பேச வேறொருத்தி கிடைத்தால் மூன்று நாளில் அவளும் பழகிவிடுவாள் என்பது அதன் மறுபாதி. ஆறுதலா, எச்சரிக்கையா? இரண்டும்தான்.

பொம்பதூர் அந்தப் புத்தியைப் பிடித்துக்கொண்டார். 1750 வாக்கில் இருவருக்கும் உடல் உறவு நின்றுபோயிற்று. பதவி போகவில்லை. மன்னரின் இளம் பெண்கள் வெர்சாய் ஊருக்குள் ஒரு தனி வீட்டில் வந்து போனார்கள். அவர்களில் யாருக்கும் அறிமுகச் சடங்கு நடக்கவில்லை, யாரும் அரசவைக்குள் கால் வைக்கவில்லை. பொம்பதூர் மாடியிலிருந்து கீழ்த்தளத்தில் பெரிய அறைகளுக்கு மாறினார். 1752-இல் கோமகள் தகுதி கிடைத்தது. அதன் பயன், ராணியின் முன்னால் ஒரு முக்காலியில் உட்காரும் உரிமை. நமக்குச் சிரிப்பு வரும். அந்த முக்காலிக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

1756-இல் ராணியின் பணிச் சீமாட்டிகளில் ஒருவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு முதலில் திருச்சபையோடு சமரசம் ஆக வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்ட இயேசு சபைக் குரு, கணவரிடம் திரும்பிப் போனால்தான் ஆகும் என்று உறுதியாக நின்றார். சரி என்று பொம்பதூர், 11 வருஷத்துக்கு முன் விட்டுவந்த கணவருக்கு, திரும்பி வரத் தயார் என்று கடிதம் எழுதினார். கணவருக்கு வேறு ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டிருந்தது. மிகுந்த மரியாதையோடு, வேண்டாம் என்று பதில் போட்டார். தன் கடமையைச் செய்தாயிற்று, கணவர்தான் ஏற்கவில்லை என்று காட்ட பொம்பதூருக்கு ஒரு காகிதம் கிடைத்தது, பதவியும் கிடைத்தது.

அதிகாரம் எவ்வளவு?

ஆசைநாயகிக்குச் சட்டப்படி ஒரு கையெழுத்து அதிகாரம்கூட இல்லை. ஆனால் மன்னரிடம் தனியாகப் பேச ஒரு நாளைக்குப் பல மணி நேரம் இருந்தது. முடியாட்சியில் அதற்கு மேல் என்ன வேண்டும்? மந்திரி ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றி மன்னர் யாரிடம் பேசுவாரோ அவரிடம்தான் பாதி முடிவு. பொம்பதூரைக் கேலி செய்து பாட்டு எழுதினார் என்று சந்தேகிக்கப்பட்ட மந்திரி மொரெப்பா 1749-இல் நாடு கடத்தாத குறையாக ஊருக்கு விரட்டப்பட்டார். பிற்பாடு மந்திரிகளான பெர்னியும் ஷுவாசேலும் பொம்பதூரின் கையால் மேலே வந்தவர்கள்.

கலையிலும் கட்டடத்திலும் அவர் விட்டுப்போனது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. வென்சேனில் இருந்த பீங்கான் தொழிற்சாலை 1756-இல் செவ்ருக்கு மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. செவ்ரு பீங்கான் இன்றும் பேர்பெற்றது. ஏழைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கான ராணுவப் பள்ளிக்கு மன்னரை இணங்க வைத்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் அங்கே படித்த மாணவர்களில் ஒருவன் நெப்போலியன். 1753-இல் அவர் பாரீஸில் வாங்கிய வீட்டைத்தான் இன்று எலிசே மாளிகை என்கிறார்கள், பிரெஞ்சு ஜனாதிபதி குடியிருக்கும் இடம். லா தூர் தீட்டிய அவருடைய பெரிய உருவப்படத்தில் மேஜை மேல், திருச்சபை வெறுத்த கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி வேண்டுமென்றே தெரியும்படி நிற்கிறது.

வெளியுறவில் கைவைத்ததுதான் அவர் பெயரைக் கெடுத்தது. 1756-இல் பிரான்ஸ் தன் பரம எதிரியான ஆஸ்திரியாவோடு கைகோத்தது. அந்தப் பேச்சுக்கு வியன்னா பிடித்த வழி பொம்பதூர். அடுத்து ஏழாண்டுப் போர். 1757-இல் ரோஸ்பாக்கில் பிரெஞ்சுப் படை கேவலமாகத் தோற்றது; கனடா கைவிட்டுப்போனது; நம் பக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார், ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். பாரீஸ் மக்கள் எல்லாவற்றுக்கும் பொம்பதூரைத்தான் திட்டினார்கள். இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கடலிலும் இந்தியாவிலும் ஆங்கிலேயரோடு நடந்த மோதலுக்கு வேர் வேறெங்கோ இருந்தது. ஆனால் மன்னரைத் திட்டினால் சிறை. ஆசைநாயகியைத் திட்டினால் பாட்டு.

குரு வரும் நேரம்

ஆசைநாயகியின் உண்மையான எதிரி ராணியும் அல்ல, போட்டிக்காரியும் அல்ல. மன்னருக்குக் காய்ச்சல் வந்தால்தான் அவளுக்கு வயிற்றில் புளி கரையும்.

காரணம் திருச்சபையின் சட்டம். பிறன் மனைவியோடு வாழ்கிறவர் அதை விடாமல் பாவமன்னிப்பு பெற முடியாது. மன்னிப்பு இல்லாமல் நற்கருணை (பூசையில் தரும் புனித அப்பம்) வாங்க முடியாது. பிரெஞ்சு மன்னருக்கு இது வெறும் சொந்த விஷயமும் அல்ல. மன்னர் கையால் தொட்டால் கண்டமாலை நோய் (கழுத்தில் கட்டி கட்டும் நோய்) தீரும் என்று மக்கள் நம்பினார்கள். பெருநாட்களில் நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். நற்கருணை வாங்கிய பிறகுதான் தொட வேண்டும். பதினைந்தாம் லூயி 1739-இலிருந்து அதை நிறுத்தியே விட்டார். ஊருக்கே காரணம் புரிந்தது.

1744 ஆகஸ்டில் மன்னர் மெட்ஸ் நகரில் சாகக் கிடந்தார். நெல் சகோதரிகளில் கடைசியாக வந்த ஷாத்தோரூ கோமகள் பக்கத்தில் இருந்தார். அவரை அனுப்பினால் ஒழிய சாகும் தறுவாயில் செய்யும் அவஸ்தைப்பூசுதல் சடங்கு கிடையாது என்று ஆயர் சொல்லிவிட்டார். மன்னர் தலையாட்டினார், மக்கள் முன்னால் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்க வைத்தார்கள். ஷாத்தோரூ போன வண்டியை வழியெல்லாம் ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் மன்னர் பிழைத்துக்கொண்டார்! கோபம் ஆயர் மேல் திரும்பியது. ஷாத்தோரூவைத் திரும்ப அழைத்தார்கள். அதே டிசம்பரில் அவரே நோயில் இறந்துபோனார்.

1757 ஜனவரியில் தாமியேன் என்றவன் மன்னரைக் கத்தியால் குத்தினான். காயம் சின்னதுதான், ஆனால் மன்னர் சாகப்போகிறோம் என்று நினைத்துக் குருவைக் கூப்பிட்டார். நாட்கணக்கில் பொம்பதூருக்கு மன்னரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மந்திரி மஷோ வந்து, கிளம்புவதுதான் மரியாதை என்று ஜாடையாகச் சொன்னார். பெட்டிகள் கட்டியாயிற்று. அப்போது அதே மிர்புவா சீமாட்டி உள்ளே வந்து, இந்தப் பெட்டியெல்லாம் என்ன என்று கேட்டு, 'ஆட்டத்தை விட்டு எழுந்தவர் தோற்றவர்' என்றார். பெட்டிகளைத் திரும்பப் பிரித்தார்கள். மன்னர் ஒருநாள் பழைய வழியில் வந்துவிட்டார். பிப்ரவரியில் மஷோ பதவி இழந்தார்.

பொம்பதூர் பதவியில் இருக்கும்போதே வெர்சாயில் இறந்தார். மன்னர் குடும்பத்தாரைத் தவிர மற்றவர் அரண்மனையில் சாகக்கூடாது என்பது வழக்கம். 1764 ஏப்ரலில் நெஞ்சு நோய் முற்றி, 42 வயதில் அவர் இறந்தபோது மன்னர் அந்த வழக்கத்தை விலக்கிவைத்தார். மற்றவர்களில் சிலரின் முடிவு கன்னிமாடம். பதினான்காம் லூயியின் முதல் ஆசைநாயகி லூயிஸ் தெ லா வாலியேர் 1674-இல் ராணியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கேயே 36 வருஷம்.

கடைசி ஆள்

பொம்பதூரின் இடத்துக்கு வந்த மதாம் து பாரி, பிறப்பால் ழான் பெக்யு. தையல்காரியின் மகள், தகப்பன் பெயர் இல்லை, பாரீஸில் தொப்பி, ரிப்பன் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். சீமாட்டி ஆக்குவதற்காக 1768-இல் து பாரி குடும்பத்தில் ஒருவருக்குப் பெயருக்கு மணமுடித்தார்கள். பிறப்புச் சான்றிலும் கைவைத்து மூன்று வயதைக் குறைத்தார்கள். அறிமுகம் செய்துவைக்க இந்த முறையும் கடன்காரச் சீமாட்டி ஒருவர் அகப்பட்டார். பட்டத்து இளவரசரின் மனைவி மரி அந்துவனெத் அவரோடு பேசவே மறுத்தார். அந்துவனெத்தின் தாய், ஆஸ்திரியப் பேரரசி, வியன்னாவிலிருந்து நெருக்கிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் 1772 புத்தாண்டன்று, து பாரி இருந்த பக்கம் திரும்பி, 'இன்றைக்கு வெர்சாயில் நிறையக் கூட்டம்' என்றார் அந்துவனெத். அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாடுகளின் தூதர்களுக்கு நிம்மதி கொடுத்தது.

1774-இல் மன்னருக்குப் பெரியம்மை. தேறமாட்டோம் என்று தெரிந்ததும், மெட்ஸில் நடந்தது மாதிரி ஆகவேண்டாம் என்று அவரே து பாரியை முன்கூட்டி அனுப்பிவைத்தார். மே 10 அன்று மன்னர் போனார். து பாரி ஒரு மடத்தில் அடைக்கப்பட்டார். பின்னர் வெளியே வந்து லூவ்சியேனில் நன்றாகவே வாழ்ந்தார். புரட்சியில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் சமோர். வங்காளத்திலிருந்து சிறுவனாகப் பிடித்துக்கொண்டு போய், அவருக்கு ஏவல் பையனாகப் பரிசளிக்கப்பட்டவர். து பாரி அவரை அலங்காரப் பொம்மையாக நடத்தினார். வளர்ந்தபின் தத்துவவாதி ரூஸ்ஸோவைப் படித்துப் புரட்சிப் பக்கம் போனார் சமோர். 1793 டிசம்பர் 8 அன்று து பாரி கில்லட்டினில் இறந்தார்.

அடுத்த மன்னர் பதினாறாம் லூயிக்கு ஆசைநாயகியே இல்லை. ஒழுக்கமான மனிதர் என்று மக்கள் மெச்சியிருக்க வேண்டும். நடந்தது வேறு. நூறு வருஷத்துக்கு மேலாக ஆசைநாயகியைத் தாக்கிவந்த கேலிப் பாட்டும் ஆபாசத் துண்டுப் பிரசுரமும் இப்போது போக இடமில்லாமல் ராணியின் மேல் திரும்பின. பணத்தை வாரி இறைப்பவள், மந்திரிகளை மாற்றுபவள், ஆஸ்திரியாவுக்கு வேலை செய்பவள் என்று பொம்பதூரைச் சொன்னதெல்லாம் அந்துவனெத்துக்கு ஒட்டிக்கொண்டது. து பாரிக்கென்று பாரீஸ் நகைக்காரர்கள் செய்யத் தொடங்கிய வைர அட்டிகை ஒன்று மன்னர் இறந்துவிட்டதால் விலைபோகாமல் கிடந்தது. 1785-இல் ராணியின் பெயரைச் சொல்லி ஒரு மோசடிக் கும்பல் அதைத் தட்டிக்கொண்டு போனது. ராணி அதைத் தொட்டதுகூட இல்லை. வாங்கியிருப்பாள் என்றுதான் ஊர் நம்பியது.